வீட்டாரும் விலங்கும் மிருக வைத்தியரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் ஒரு சிறிய மிருக வைத்தியசாலை நடத்துகிறேன். நாயையோ பூனையையோ மேசையில் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் அதன் நோயைப் பற்றிக் கேட்பார்கள். அப்புறம் என்னைப் பற்றியும் கேட்பார்கள். இரண்டையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

மிருக வைத்தியராக வரவேண்டும் என்று எப்படித் தோன்றியது?

அப்பாவுக்குக் கொட்டாஞ்சேனையில் பலசரக்குக் கடை இருந்தது. அரிசி மூட்டை இருந்தால் எலி வரும், எலி வந்தால் பூனை வேண்டும். அப்படி வந்தவள்தான் கறுப்பி. பருப்பு மூட்டைகளுக்குப் பின்னால் குட்டி போடுவாள். அம்மாவுக்குப் பூனை மயிர் பட்டாலே முட்டு இழுக்கும் என்பதால் குட்டிகளை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அப்பா கடன் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் ஒரு கணக்கு வைத்திருந்தார். குட்டி பிறந்த திகதி, நிறம், ஆணா பெண்ணா, எந்த வீட்டுக்குப் போனது என்று எல்லாம் அதில் இருக்கும். குட்டியை எடுத்துப்போகும் வாடிக்கையாளருக்கு ஒரு சுருள் நெத்தலிக் கருவாடு இலவசம். அதோடு விடமாட்டார். அவர்கள் அடுத்த முறை சாமான் வாங்க வரும்போது, "எப்படி அவன், சாப்பிடுறானோ? இரவிலே எங்கே படுக்கிறான்?" என்று விசாரித்து, பதிலையும் அந்தக் கொப்பியில் எழுதுவார். இன்று என் வைத்தியசாலையில் ஒவ்வொரு விலங்கின் அட்டையிலும் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று எழுத ஒரு பகுதி வைத்திருக்கிறேன். அது அப்பாவின் கொப்பியில் இருந்து வந்தது.

இன்னொருவர் அம்மம்மா. யாழ்ப்பாணத்து உரும்பிராயில் ஆடு வளர்த்தவர். 1995 ஒக்ரோபர் யுத்த இடப்பெயர்வின்போது ஆடுகளைக் கட்டையிலிருந்து அவிழ்த்துவிட்டு, தொட்டி நிறையத் தண்ணீர் இறைத்து வைத்துவிட்டு, நாவற்குழிப் பாலத்தைத் தாண்டிய இலட்சக்கணக்கானோரில் அவரும் ஒருவர். பிறகு எங்களோடு இருக்கக் கொழும்புக்கு வந்துவிட்டார். மறுபடி அவர் ஆடு வளர்க்கவில்லை. ஆனால் கொட்டாஞ்சேனைத் தெருக்களில் ஆடுகள் தாராளமாகத் திரியும். வாசலில் கதிரை போட்டு இருந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். "அந்தக் கிடாய் அசைபோடேல்லை, பார்." "இடப்பக்க வயிறு ஊதிக் கிடக்கு, ஆரோ மிஞ்சின சோத்தைக் கொட்டியிருக்கினம்." நான் பக்கத்தில் இருந்து கேட்பேன். பல வருடம் கழித்துப் பேராதனையில், சோறும் தானியமும் அளவுக்கு மீறித் தின்ற ஆட்டின் முதல் இரைப்பையில் அமிலம் கூடி அசைபோடுவது நின்றுவிடும் என்று விரிவுரையில் சொன்னார்கள். எனக்கு அது பழகிய பாடமாக இருந்தது. தொடாமல், தூரத்தில் இருந்து நீண்ட நேரம் பார்ப்பது ஒரு வைத்தியப் பரிசோதனை என்பதை நான் முதலில் கற்றது அம்மம்மாவிடம்தான்.

மருத்துவபீடம் கிடைக்காததால்தான் இதற்கு வந்தீர்களா?

இல்லை, விண்ணப்பத்தில் இதைத்தான் முதலாவதாகக் கேட்டேன். என்னோடு படித்த சிலர் அப்படி வந்தவர்கள்தான். அவர்களில் சிலர் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த மிருக வைத்தியர்கள். எந்த வாசலால் உள்ளே வந்தார்கள் என்பதை வைத்து ஒருவரை எடைபோடுவது எனக்குப் பிடிக்காது. எங்கள் சமூகத்தில் இந்தக் கேள்வியைப் பிள்ளைகளின் முகத்துக்கு நேரே கேட்கிறோம். தயவுசெய்து கேட்காதீர்கள்.

என் மகளுக்கு இந்தப் படிப்பில் விருப்பம். எங்கே படிக்கலாம்?

இலங்கையில் இதற்கு உள்ள ஒரே அரச பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. உயர்தரத்தில் உயிரியல் பிரிவு எடுக்கவேண்டும், பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி போதவேண்டும். படிப்பு ஆங்கிலத்தில் நடக்கும். பட்டம் பெற்ற பிறகு இலங்கை மிருக வைத்தியச் சபையில் பதிவு செய்தால்தான் தொழில் பார்க்கலாம். நாய் பூனை மட்டும் என்று நினைத்து வரவேண்டாம். மாடு, ஆடு, கோழி, பன்றி, இறைச்சிப் பரிசோதனை, மனிதருக்குத் தொற்றும் விலங்கு நோய்கள் எல்லாம் படிக்கவேண்டும். விண்ணப்பிக்க முன்னர் ஒரு மாட்டுப்பட்டியில் கொஞ்ச நாள் நின்று பார்க்கச் சொல்லுங்கள். அந்த வாசம் பிடித்திருந்தால் பயமில்லை.

உள்ளே வந்ததும் "யார் சாப்பாடு வைக்கிறது?" என்று ஏன் கேட்கிறீர்கள்?

விலங்கைக் கொண்டுவருபவர் பெரும்பாலும் வாகனம் ஓட்டத் தெரிந்தவர். விலங்கை அறிந்தவர் வீட்டில் இருப்பார்.

ஒரு லப்ரடோரை அந்த வீட்டு மகன் கூட்டிக்கொண்டு வந்தார். "இரண்டு நாளாகச் சாப்பாடு குறைவு, டொக்டர்" என்றார். நல்ல பிள்ளை, காலையில் வேலைக்குப் போனால் இரவில்தான் வீட்டுக்கு வருவார். சாப்பாடு வைப்பது அவருடைய அப்பம்மா என்று தெரிந்ததும் போனில் அவரைக் கூப்பிட்டேன். அவர் சொன்னது வேறு கதை. பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது பாணின் ஓரத்தைப் பிய்த்து அவனுக்குக் கொடுப்பாராம். ஒரு கிழமைக்கு மேலாக அதை மோந்து பார்த்துவிட்டு வைத்துவிடுகிறானாம். மாமரத்தடியில் ஒன்றுக்குப் போனது பிளேன்டீ நிறத்தில் இருந்ததாம். அந்த இரண்டு வசனமும் போதுமாக இருந்தது. பல் முரசைப் பார்த்தேன், வெளிறிப் போயிருந்தது. இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுணுக்குக்காட்டியில் வைத்தபோது சிவப்பணுக்களுக்குள் பபீசியா இருந்தது. உண்ணிக் காய்ச்சல் என்று நாங்கள் சொல்வதில் இது ஒரு வகை. உண்ணி கடிக்கும்போது இந்த ஒட்டுண்ணி இரத்தத்துக்குள் போய்ச் சிவப்பணுக்களை உடைக்கும், அதனால்தான் சிறுநீர் கறுக்கிறது. கொழும்பில் வருடம் முழுவதும் வெப்பமும் ஈரமும் இருப்பதால் உண்ணிக்கு ஓய்வுகாலம் கிடையாது. அந்த நாய் பிழைத்தது. மகன் சொன்ன இரண்டு நாளை மட்டும் நம்பியிருந்தால் நான் முதலில் வயிற்றைத்தான் தேடியிருப்பேன்.

அதனால் சொல்கிறேன், சாப்பாடு வைப்பவர் வீட்டு வேலைக்கு வருகிற அக்காவாக இருந்தாலும் அவரையே அனுப்புங்கள். வெட்கப்பட்டு வெளியே ஓட்டோவில் இருக்கவேண்டாம் என்றும் அவருக்குச் சொல்லுங்கள்.

எங்கள் வீடு சைவம். பூனைக்கும் சைவச் சாப்பாடு கொடுக்கலாமா?

நானும் சைவ வீட்டில் வளர்ந்தவள் என்பதால் இந்தக் கேள்வியின் பின்னால் உள்ள சங்கடம் புரிகிறது. நாய் என்றால், கவனமாகத் திட்டமிட்டு, முட்டையும் பருப்பும் சேர்த்து ஓரளவு சமாளிக்கலாம். பூனைக்கு அது சரிவராது. பூனையின் உடலுக்கு டோரின் என்ற சத்துப் போதிய அளவில் தானாகச் செய்யத் தெரியாது. அது இறைச்சியிலும் மீனிலும் இருக்கிறது. குறைந்தால் விழித்திரை பழுதாகிப் பார்வை போகும், இதயத் தசை தளர்ந்து வீங்கும். இந்த இதய நோய்க்கும் டோரினுக்கும் உள்ள தொடர்பை 1987இல் அமெரிக்க மிருக வைத்தியர்கள் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகுதான் பூனை உணவுக் கம்பனிகள் டோரினின் அளவைக் கூட்டின. பால்சோறும் தயிரும் பூனைக்கு வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான்.

ஒரு மாமி இதற்கு வழி கண்டுபிடித்தார். குசினிக்குள் மச்சம் வரக்கூடாது. அதனால் பின்பக்கப் பல்கனியில் தனி அடுப்பு, தனிச் சட்டி வைத்து மீன் அவித்துக் கொடுக்கிறார். வெள்ளிக்கிழமை மட்டும் அந்த வேலை மருமகனுக்கு. அது முடியாதவர்கள் பக்கெற்றில் வரும் பூனை உணவை வாங்கலாம். அதுவும் மனதுக்கு ஒவ்வாது என்றால் பூனை வேண்டாம், முயல் வளர்க்கலாம். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

காய்ச்சலுக்கு அரைப் பனடோல் கொடுக்கலாமா?

பூனைக்கு ஒருபோதும் கூடாது. பனடோலில் உள்ள பரசிற்றமோலை உடைத்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. ஒரு மாத்திரையே உயிரை எடுக்கலாம். முகமும் கால்களும் வீங்கும், முரசு மண்ணிறமாகும், மூச்சு முட்டும். கொடுத்துவிட்டீர்கள் என்றால் "பார்ப்போம்" என்று இருக்காமல் உடனே கொண்டுவாருங்கள். மாற்று மருந்து இருக்கிறது, ஆனால் நேரம்தான் முக்கியம். நாய்க்கும் எங்களிடம் கேட்காமல் கொடுக்கவேண்டாம். நாய்க்கு வாங்கின உண்ணி மருந்தைப் பூனையின் முதுகில் விடுவதும் இதே அளவு ஆபத்தானது. பெர்மெத்ரின் சேர்ந்ததாக இருந்தால் பூனைக்கு வலிப்பு வரும்.

நாய் கடித்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித் தூள் எதுவும் வேண்டாம். கழுவியதும் நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஊசி தேவையா என்பதை அங்கே தீர்மானிப்பார்கள். ரேபிஸ் என்னும் நீர்வெறுப்பு நோய் அறிகுறி காட்டத் தொடங்கிவிட்டால் மனிதரையும் காப்பாற்ற முடியாது, விலங்கையும் காப்பாற்ற முடியாது. கீறல்தானே, குட்டிதானே என்று விடுவதில்தான் உயிர் போகிறது. பூனை, கீரி, குரங்கு கடித்தாலும் இதே முறைதான்.

கடித்த நாயை அடித்துக் கொல்லாதீர்கள். கட்டிவைத்து 10 முதல் 14 நாள் பார்த்தால் அது நோயுள்ளதா என்று தெரிந்துவிடும். அது இடையில் செத்தால் தலையை ஐஸில் வைத்துப் பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பிப் பரிசோதிக்கலாம்.

தெருநாய்களைப் பற்றியும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2006 முதல் இலங்கையில் அவற்றைப் பிடித்துக் கொல்வதில்லை. அது சரியான முடிவு என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு தெருவின் நாய்களைக் கொன்றால் அந்த இடத்துக்கு ஊசி போடாத புது நாய்கள் வரும். நூற்றுக்கு 70 நாய்களுக்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. உங்கள் ஒழுங்கையில் சோறு வைக்கும் நாய்க்கு உரிமையாளர் நீங்கள்தான் என்று நினைத்து, ஊசிக்கும் கருத்தடைக்கும் பிடித்துக்கொடுங்கள்.

தொடர்மாடியில் எந்த நாய் வளர்க்கலாம்?

ஹஸ்கி வேண்டாம். பனிக்காக இரண்டு அடுக்கு மயிரோடு வளர்த்த இனம் அது. வெள்ளவத்தையில் ஆறாம் மாடியில், மின்சாரம் போனால் மூச்சிரைத்துக்கொண்டு கிடக்கும். பக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கும் இந்த வெப்பம் ஒத்துவராது, மூச்சு விடுவதே அவற்றுக்கு வேலை. நம்முடைய ஊர்நாய்க் குட்டி ஒன்றை எடுங்கள். இந்த வெயிலுக்குப் பழகிய உடல், குறுகிய மயிர், எதையும் சாப்பிடும், ஆட்களை விளங்கிக்கொள்ளும். என் வீட்டில் இருக்கும் வீமனும் அப்படி வந்தவன்தான், ரயில் பாதை ஓரம் கிடந்த குட்டி.

பூனை வளர்ப்பவர்கள் பல்கனிக்கு வலை அடியுங்கள். பூனை விழாது என்பது பொய். காகத்தைப் பிடிக்கப் பாய்ந்து நாலாம் மாடியில் இருந்து விழுந்த பூனையின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறேன்.

2022 பொருளாதார நெருக்கடியில் எப்படிச் சமாளித்தீர்கள்?

குடும்பம் இல்லாவிட்டால் பூட்டியிருப்பேன். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லை. தடுப்பூசிகளை 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் வைத்திருக்கவேண்டும், வெப்பம் ஏறினால் அவை பயனில்லாமல் போகும். மின்வெட்டு நேரங்கள் இடத்துக்கு இடம் மாறுபடும். எங்கள் பகுதியில் வெட்டும்போது தெஹிவளையில் தம்பி வீட்டில் மின்சாரம் இருக்கும். அவன் சைக்கிளில் வந்து ஊசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போவான், பிறகு திருப்பிக் கொண்டுவருவான். பூனை மயிருக்கு முட்டு இழுக்கும் அம்மாதான் மீன் வைக்கும் பெட்டியில் ஐஸ் அடுக்கி, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து எழுதி வைத்தார். என் கணவர் பெற்றோல் வரிசையில் இரவு படுத்தார்.

மருந்துத் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. இறக்குமதி உணவின் விலை ஏறியதும் பலர் சோறும் சாளை மீனும் பூசணிக்காயும் அவித்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். அந்த நாய்கள் நன்றாகவே இருந்தன. விலை கொடுத்து வாங்கிய நாய்களை இரவில் வீதியில் இறக்கிவிட்டுப் போனவர்களும் உண்டு. ஆனால் தாங்கள் ஒரு வேளை குறைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, பதினைந்து வயதுப் பூனையைப் பையில் போட்டுக் கிருலப்பனையில் இருந்து நடந்து வந்த வயதான தம்பதியை நான் மறக்கமாட்டேன். அவர்களிடம் காசு வாங்கவில்லை. அவர்கள் ஒரு பப்பாசிப்பழம் தந்தார்கள்.

கருணைக்கொலை பாவம் இல்லையா?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் விட அடிக்கடி வருகிறது. சைவ வீடுகளிலும் பௌத்த வீடுகளிலும் வயதானவர்கள் "அதன் விதிப்படி உயிர் போகட்டும்" என்பார்கள். அந்த நம்பிக்கையோடு நான் வாதாடுவதில்லை. சாகும்வரை காத்திருப்பதென்றால், அந்தக் காலம் வேதனையில்லாமல் இருக்கவேண்டும். அது மட்டும்தான் என் நிபந்தனை. அதற்கு மருந்து தருவேன், எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது, புண் வராமல் எப்படிப் பார்ப்பது என்று காட்டிக்கொடுப்பேன்.

பம்பலப்பிட்டியில் ஒரு வீட்டு நாய்க்குக் காலில் எலும்புப் புற்றுநோய். பேத்தி ஊசி போடச் சொன்னாள். பாட்டி கூடாது என்றார். இருவரும் என் முன்னாலேயே அழுதார்கள். நான் இருவருக்கும் ஒரே வேலையைக் கொடுத்தேன். தினமும் ஒரு தாளில் எழுதுங்கள்: இரவில் நித்திரை கொண்டானா, கையால் கொடுத்தால் சாப்பிட்டானா, தானாக எழும்பி வெளியே போனானா, நீங்கள் வரும்போது வாலை ஆட்டினானா? இருவரும் மாறி மாறி இரவு விழித்திருந்து எழுதினார்கள். கொஞ்ச நாளில் ஒரு காலை பாட்டியே போன் எடுத்தார். "பிள்ளை, அவன் நல்லாக் களைச்சுப் போனான். வாங்கோ" என்றார். வீட்டுக்குப் போனேன். முதலில் மயக்க ஊசி போடுவோம், அது ஆழ்ந்து நித்திரையானதும்தான் இரண்டாவது ஊசி. அது இதயத்தை நிறுத்தும்போது விலங்குக்கு ஒன்றும் தெரியாது. பாட்டி நெற்றியில் திருநீறு பூசித் தேவாரம் பாடினார். முடியும்வரை பாடட்டும் என்று நான் காத்திருந்தேன்.

பாவமா என்று என்னிடம் கேட்டால், வலியை நிறுத்த வழியிருந்தும் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு அதைவிடப் பாரமாக இருக்கும். இது என் மனச்சாட்சி. உங்களுடையதை நீங்கள்தான் கேட்கவேண்டும்.

பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். "நித்திரையாக்கிவிட்டோம்" என்று சொன்னால் சிறுபிள்ளை இரவில் படுக்கவே பயப்படும். செத்துவிட்டது, இனி வராது, அதற்கு நோவில்லை என்று சொன்னால் அவர்கள் விளங்கிக்கொள்வார்கள்.

உங்கள் வீட்டு நாய்க்கு நீங்களேதான் வைத்தியமா? பிள்ளைகளுக்கும் இதில் ஆர்வமா?

வீமனுக்கு வயதாகிவிட்டது, இதயத்தில் ஒரு வால்வு கசிகிறது. அவனைப் பார்ப்பது என்னோடு படித்த ஒரு தோழி. சொந்த நாயின் நெஞ்சில் குழாயை வைத்தால் கேட்க விரும்புவதைத்தான் காது கேட்கும், அதனால் அவளிடமே விட்டுவிட்டேன். வீட்டில் நான் தாய் மட்டும்தான்.

மாத்திரையை இடியப்பத்துக்குள் வைத்துக் கொடுப்பது கணவர். மகனுடைய வேலை மூச்சை எண்ணுவது. இதய நோயுள்ள நாய் நித்திரையில் இருக்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு எடுக்கிறது என்று வீட்டில் எண்ணவேண்டும். 30ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் நுரையீரலில் நீர் சேர்கிறது என்று சந்தேகிக்கவேண்டும். இருமல் வரும் முன்னரே இது காட்டிக்கொடுக்கும். மகன் இரவில் பாடம் முடித்துப் பக்கத்தில் இருந்து எண்ணி, கொப்பியில் எழுதுகிறான். ஒருமுறை அந்த எண்ணிக்கை கூடியதைப் பார்த்துத்தான் தோழி நீர் இறக்கும் மருந்தின் அளவை மாற்றினாள். மகனுக்குக் கணினியில்தான் ஆசை. இருக்கட்டும். எண்ணுவதில் அவன் தவறுவதில்லை.

ஏன் இவ்வளவு கட்டணம்?

மருந்தும் ஊசியும் பெரும்பாலும் இறக்குமதி. இயலாதவர்கள் தயங்காமல் முன்கூட்டியே சொல்லுங்கள், தவணையாகக் கொடுக்கலாம். நீர்வெறுப்புத் தடுப்பூசியை அரச முகாம்களில் இலவசமாகப் போடுகிறார்கள்.

தீபாவளி வெடிக்கு நாய் நடுங்குகிறதே?

தீபாவளிக்கும், சித்திரைப் புத்தாண்டுக்கும், டிசம்பர் 31 நள்ளிரவுக்கும் இதே நிலைதான். அன்று பொழுது சாய முன்னரே வெளியே கூட்டிப்போய் வந்துவிடுங்கள். யன்னலைச் சாத்தி, உள் அறையில் வானொலியைச் சத்தமாகப் போட்டு, கட்டிலுக்குக் கீழே போனால் இழுக்காமல் விடுங்கள். பக்கத்தில் இருந்து தடவிக்கொடுக்கலாம், அதனால் பயம் அதிகமாகாது. மிகவும் பயந்த நாய்களுக்கு மருந்து உண்டு. ஆனால் ஒரு கிழமை முன்னரே வாருங்கள், அன்றிரவு பத்து மணிக்குக் கூப்பிட்டால் என்னால் அதிகம் செய்ய முடியாது.

முதல் முறை வரும்போது என்ன கொண்டுவரவேண்டும்?

பழைய ஊசி அட்டை, இப்போது கொடுக்கும் மருந்துகள், நாட்டு மருந்தாக இருந்தாலும் அதுவும் வேண்டும். வயிற்றோட்டம் என்றால் அன்று காலை மலம் கொஞ்சம், மூடியுள்ள டப்பாவில். இருமல், நொண்டல், வலிப்பு என்றால் போனில் எடுத்த வீடியோ, ஏனென்றால் என் மேசையில் ஏறியதும் பல விலங்குகள் நொண்ட மறந்துவிடும். பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு காலி வீதியைக் கடக்காதீர்கள், மூடிய கூடையோ தலையணை உறையோ போதும். மத்தியானம் 12 முதல் 3 வரை சத்திரசிகிச்சை நேரம், அவசரம் இல்லாதவர்கள் பின்னேரம் வாருங்கள்.